ஹோலிரூட் மசோதா எங்கெல்லாம் மாட்டிக்கொள்ளும்? ஸ்காட்லாந்து நாடாளுமன்றமும் லண்டனும்: முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ஒரு மசோதா நிறைவேறியது என்று செய்தி வந்ததும் அது சட்டமாகிவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. குழந்தைகள் உரிமை பற்றிய மசோதா ஒன்று 2021 மார்ச் 16 அன்று ஹோலிரூட் என்று அழைக்கப்படும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 16 அன்று. 2022 டிசம்பரில் நிறைவேறிய இன்னொரு மசோதா சட்டமாகவே இல்லை. இரண்டையும் நிறுத்தியது லண்டன்தான், அதாவது பிரிட்டன் அரசுதான், ஆனால் நிறுத்திய வழி வேறு, வைத்த வாதம் வேறு, அதிலிருந்து மீண்டு வரும் பாதையும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் ஒரு பக்கம் "வீட்டோ போட்டுவிட்டார்கள்" என்றும், மறுபக்கம் "எல்லை மீறிவிட்டார்கள்" என்றும் எல்லா வழக்குக்கும் ஒரே பேச்சாக ஓடுகிறது.

ஒரு மசோதாவைக் கையில் எடுத்து, அது எழுதப்படும் நாளிலிருந்து நீதிமன்றம் வரை பின்தொடர்ந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்து சட்டம் 1998இன் பிரிவு எண்கள் நிறைய வரும், பயப்பட வேண்டாம். முக்கியமானவை 28, 29, 33, 35 நான்குதான்.

படி 1: யாருக்கு என்ன அதிகாரம் என்று முதலில் பாருங்கள்

1997 செப்டம்பர் 11 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று 74.3 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து சட்டம் 1998 வந்தது, 1999 மே மாதம் தேர்தல் நடந்தது, ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் முறைப்படி தொடங்கியது. உறுப்பினர்கள் 129 பேர்: தொகுதிகளிலிருந்து 73, எட்டு மண்டலங்களின் கட்சிப் பட்டியல்களிலிருந்து 56. ஒரே அவைதான், மேலவை கிடையாது.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். ஸ்காட்லாந்துக்கு என்னென்ன அதிகாரம் என்று பட்டியல் போடாமல், லண்டன் தன்னிடம் வைத்துக்கொள்வது என்னென்ன என்று மட்டும் 5ஆம் அட்டவணையில் எழுதினார்கள். அந்த அட்டவணையில் இல்லாத எல்லாமே எடின்பரோவுக்கு. வெளியுறவு, பாதுகாப்பு, குடியேற்றம், நாணயம், ஒளிபரப்பு, சமவாய்ப்புச் சட்டத்தின் பெரும்பகுதி, அரசியலமைப்பின் அடிப்படைகள் எல்லாம் லண்டனிடம். மருத்துவம், கல்வி, காவல்துறை, நீதிமன்றங்கள், வீட்டுவசதி, விவசாயம், சுற்றுச்சூழல், உள்ளாட்சி எடின்பரோவிடம். 2012, 2016 ஆண்டுகளின் சட்டங்கள் வரி, சமூகநல உதவி என்று இன்னும் சிலவற்றைக் கொடுத்தன. வருமான வரி விகிதங்களையும் படிநிலைகளையும் எடின்பரோவே தீர்மானிக்கிறது, ஆனால் வரி இல்லாத அடிப்படைத் தொகையைத் தீர்மானிப்பது இன்னமும் லண்டன்.

ஆக, ஒரு மசோதாவைப் பார்த்ததும் "இதற்கு அதிகாரம் எங்கே இருக்கிறது?" என்று தேடாதீர்கள். "இது 5ஆம் அட்டவணையில் எதையாவது தொடுகிறதா?" என்று தேடுங்கள்.

படி 2: மசோதாவின் நோக்கம் என்ன என்று கேளுங்கள்

ஒரு சட்டம் ஒரே நேரத்தில் இரண்டு துறைகளைத் தொடும், அதைத் தவிர்க்கவே முடியாது. பிரிவு 29(3) இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது: லண்டன் வசமுள்ள விஷயத்தோடு ஒரு விதி தொடர்புடையதா என்பதை அந்த விதியின் நோக்கத்தை வைத்து, அதன் விளைவையும் கணக்கில் எடுத்துத் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் சிகரெட். கடைகளில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கக் கூடாது, தானியங்கி இயந்திரத்தில் விற்கக் கூடாது என்று ஹோலிரூட் 2010இல் சட்டம் போட்டது. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் வழக்குப் போட்டது. பொருள் விற்பனை, நுகர்வோர் பாதுகாப்பு எல்லாம் லண்டன் வசம், கடையில் என்ன வைக்கலாம் என்று நீ எப்படிச் சொல்வாய் என்பது அவர்கள் வாதம். 2012 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்த விதியின் நோக்கம் வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவது இல்லை, மக்கள் புகைப்பதைக் குறைப்பது, பொதுச் சுகாதாரம் எடின்பரோவின் வேலை என்றது.

இந்த ஒரு தீர்ப்பைப் புரிந்துகொண்டால் பாதி தகராறுகள் புரிந்துவிடும். சட்டம் எந்தப் பொருளைத் தொடுகிறது என்பதைவிட, எதற்காகத் தொடுகிறது என்பதே பெரிதாக எடைபோடப்படுகிறது. அதனால்தான் மசோதாவுடன் வரும் கொள்கைக் குறிப்பை நான் முதலில் படிக்கச் சொல்வேன். நோக்கம் என்னவென்று அரசே தன் கையால் எழுதி வைத்திருக்கும் ஆவணம் அதுதான், நாளைக்கு நீதிமன்றமும் அதைத்தான் புரட்டும்.

அட்டவணையைத் தாண்டி பிரிவு 29இல் வேறு தடைகளும் உண்டு. ஸ்காட்லாந்துக்கு வெளியே செல்லும்படி சட்டம் போட முடியாது. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் உரிமைகளுக்கு முரணாக இருக்கக் கூடாது. 4ஆம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட சட்டங்களை மாற்றக் கூடாது. குற்றவழக்குகளின் தலைமைப் பொறுப்பிலிருந்து, ஸ்காட்லாந்து அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான லார்ட் அட்வகேட்டை நீக்கவும் கூடாது. இவற்றில் 4ஆம் அட்டவணையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

படி 3: அறிமுகத்துக்கு முன் வரும் இரண்டு அறிக்கைகள்

மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சரோ உறுப்பினரோ, இது நம் அதிகாரத்துக்குள் இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். அவைத்தலைவரும் தனியாகத் தன் கருத்தை எழுத வேண்டும். அவைத்தலைவர் "இது அதிகாரத்துக்கு வெளியே" என்று எழுதினாலும் மசோதா நின்றுவிடாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

2018இல் அப்படியே நடந்தது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியச் சட்டங்களை ஸ்காட்லாந்தில் எப்படித் தொடர்வது என்று அரசு ஒரு தொடர்ச்சி மசோதா கொண்டுவந்தது. அவைத்தலைவர் கென் மெக்கின்டோஷ் அதிகாரத்துக்கு வெளியே என்றார். லார்ட் அட்வகேட் ஜேம்ஸ் வுல்ஃப் உள்ளேதான் என்றார். மசோதா அவைக்கு வந்தது, மார்ச் 21 அன்று 95க்கு 32 என்று நிறைவேறியது.

ஆனால் அரசின் சொந்தச் சட்ட அதிகாரியே கையெழுத்துப் போடத் தயங்கினால் கதை வேறு. 2022இல் இரண்டாவது சுதந்திரப் பொதுவாக்கெடுப்புக்கான மசோதா வரைவு இருந்தது. அது அதிகாரத்துக்குள் இருக்கிறது என்று உறுதியளிக்க லார்ட் அட்வகேட் டொரதி பெயினுக்குப் போதிய நம்பிக்கை இல்லை. அதனால் அறிமுகமே செய்யாமல், ஜூன் மாதம் நேராக உச்ச நீதிமன்றத்திடம் கேள்வி போனது. பத்திரிகையில் இதை வெறும் அரசியல் நகர்வாகத்தான் எழுதினார்கள். எனக்கு அது இந்த அமைப்பின் ஆரோக்கியமான பக்கமாகவே தெரிகிறது. அரசு விரும்புகிறது என்பதற்காகச் சட்ட அதிகாரி தலையாட்டவில்லை.

படி 4: மூன்று கட்டங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் கட்டத்தில் ஒரு குழு பொதுமக்களிடமும் நிபுணர்களிடமும் கருத்துக் கேட்டு அறிக்கை தரும், பிறகு மசோதாவின் பொதுக் கொள்கை மீது முழு அவையும் வாக்களிக்கும். இரண்டாம் கட்டத்தில் குழு வரிவரியாகத் திருத்தும். மூன்றாம் கட்டத்தில் முழு அவையும் திருத்தங்களையும் கடைசி வாக்கெடுப்பையும் எடுத்துக்கொள்ளும். வாக்கெடுப்பு வழக்கமாக மாலை 5 மணிக்கு, மேசையில் இருக்கும் பொத்தானில். தனி உறுப்பினர் மசோதா கொண்டுவர வேண்டுமானால் வேறு 18 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். யாருக்கு வாக்குரிமை, எத்தனை உறுப்பினர்கள் போன்ற தேர்தல் விஷயங்களுக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை தேவை.

இதில் கவனிக்க வேண்டியது முதல் கட்டம். மேலவை இல்லாத நாடாளுமன்றத்தில் அந்தக் குழுக்கள்தான் இரண்டாவது பார்வை. லண்டனுடன் எங்கே உரசும் என்பது முதல் கட்ட அறிக்கையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி அனுப்ப வேண்டிய நேரமும் அதுதான். மூன்றாம் கட்டம் வந்த பிறகு சத்தம் போட்டு அதிகம் பயனில்லை.

படி 5: நான்கு வாரக் கடிகாரம்

சரி, மசோதா நிறைவேறிவிட்டது. அரசரின் ஒப்புதலுக்கு அனுப்புவது அவைத்தலைவர். ஆனால் அவர் உடனே அனுப்ப முடியாது. நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் "நாங்கள் தலையிடப்போவதில்லை" என்று முன்கூட்டியே சொன்னால் ஒழிய.

அந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு கதவுகள் திறந்திருக்கும். பிரிவு 33இன்படி மூன்று சட்ட அதிகாரிகளில் யாராவது மசோதாவை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்: பிரிட்டன் அரசின் அட்டர்னி ஜெனரல், ஸ்காட்டிஷ் சட்டம் குறித்து அதே அரசுக்கு ஆலோசனை சொல்லும் அட்வகேட் ஜெனரல், அப்புறம் ஸ்காட்லாந்து அரசின் லார்ட் அட்வகேட். பிரிவு 35இன்படி பிரிட்டன் அமைச்சரவையில் இருக்கும் ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் ஒரு ஆணை போட்டு, ஒப்புதலுக்கு அனுப்புவதையே தடுக்கலாம்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. 33இல் கேள்வி, "இந்த மசோதா உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிறதா?" 35இல் அந்தக் கேள்வியே இல்லை. மசோதா முழுக்க முழுக்க அதிகாரத்துக்குள் இருந்தாலும் 35ஐப் போடலாம்.

படி 6: பிரிவு 33, உச்ச நீதிமன்றத்தில் என்ன நடக்கும்

தொடர்ச்சி மசோதாவை எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரலில் அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, தீர்ப்பு டிசம்பர் 13 அன்று வந்தது. நிறைவேறிய நாளில் மசோதா மொத்தமாக அதிகாரத்துக்கு வெளியே இல்லை, 17ஆம் பிரிவு ஒன்றுதான் தவறு என்றது நீதிமன்றம். அப்படியானால் ஸ்காட்லாந்து ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2018 ஜூனில் லண்டன் தன்னுடைய பிரெக்ஸிட் சட்டத்தை நிறைவேற்றி, அதை 4ஆம் அட்டவணையின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்துவிட்டது. நிறைவேறியபோது சரியாக இருந்த பல விதிகள் தீர்ப்பு வரும் நேரத்தில் அதிகாரத்துக்கு வெளியே போய்விட்டன. எனக்கு இதில் மனம் ஒப்பவே இல்லை. சட்டப்படி சரிதான், ஆனால் ஒரு தரப்பு வழக்கு நடக்கும்போதே விதிகளை மாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது, மறு தரப்புக்கு அந்த வசதி இல்லை. இந்த உறவின் உண்மையான எடை இந்த வழக்கில் பச்சையாகத் தெரிகிறது.

17ஆம் பிரிவு ஏன் தவறானது என்பதும் முக்கியம். பிரிட்டன் அமைச்சர்கள் சில விதிகளைக் கொண்டுவந்தால் ஸ்காட்லாந்து அமைச்சர்களின் சம்மதம் வேண்டும் என்று அது சொன்னது. இது பிரிவு 28(7)இல் மோதியது. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்ற பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் குறையாது என்பதே 28(7). ஒரே ஒரு வரி, ஆனால் இதுவரை எடின்பரோ பலமாக இடித்துக்கொண்ட இடங்களில் இது ஒன்று.

குழந்தைகள் உரிமை மசோதாவும் அதே வரியில்தான் போய் இடித்தது. ஐநா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்தை நேரடியாகச் சட்டமாக்குவது அதன் எண்ணம். அருமையான எண்ணம், எந்தக் கட்சியும் எதிர்க்கவில்லை. ஆனால் எடின்பரோ வசமுள்ள துறைகளில் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றம், இயற்றிய சட்டங்களைக்கூட இந்த ஒப்பந்தத்துக்கு முரணாக இருந்தால் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம் என்ற ரீதியில் எழுதியிருந்தார்கள். 2021 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகள் 28(7)ஐ மாற்றுவதாகும் என்று சொல்லிவிட்டது. 2018 தீர்ப்பு கையில் இருக்கும்போது இப்படி எழுதியிருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. விலையைக் கொடுத்தது குழந்தைகள்.

தோற்ற பிறகு என்ன? மசோதா செத்துவிடாது. மறுபரிசீலனைக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது, குறைகளைத் திருத்தி மறுபடி நிறைவேற்றலாம். இந்த மசோதா அப்படியே 2023 டிசம்பர் 7 அன்று மறுபடி நிறைவேறி, 2024 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. ஆனால் திருத்தத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுந்தது. ஒப்பந்தத்தை மதித்து நடக்க வேண்டிய கடமை இப்போது ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சட்டங்கள் தரும் பணிகளுக்குத்தான் பொருந்தும். பள்ளிக்கூடங்களை நடத்துவதற்கான அடிப்படைச் சட்டம் 1980ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் போட்டது. கல்வி முழுக்க எடின்பரோவின் துறை, ஆனாலும் அந்தப் பழைய சட்டத்தின்படி செய்யும் வேலைகளுக்குக் கடமை பொருந்தாது. இதை அடைக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது: பழைய சட்டங்களை ஹோலிரூட்டே ஒவ்வொன்றாகத் தன் பெயரில் மறுபடி இயற்றுவது. அலுப்பான வேலைதான், ஆனால் செய்யக்கூடிய வேலை.

படி 7: பிரிவு 35, அரிதாக எடுக்கும் ஆயுதம்

1999இலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் இதை யாரும் தொடவில்லை. பாலின அங்கீகாரச் சீர்திருத்த மசோதாவில்தான் முதல்முறை எடுத்தார்கள். சட்டப்படி பாலினத்தை மாற்றிப் பதிவுசெய்ய மருத்துவச் சான்று தேவையில்லை, குறைந்தபட்ச வயது 18இலிருந்து 16 ஆகும் என்பது மசோதாவின் சாரம். 2022 டிசம்பர் 22 அன்று 86க்கு 39 என்று நிறைவேறியது. 2023 ஜனவரியில், நான்கு வாரம் முடிவதற்குள், அப்போதைய ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் அலிஸ்டர் ஜேக் ஆணை போட்டார்.

ஆணை போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சர்வதேசக் கடமைகளுக்கோ பாதுகாப்புக்கோ முரண் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். இன்னொன்று, லண்டன் வசமுள்ள விஷயங்களில் நடைமுறையில் இருக்கும் சட்டத்தை மசோதா மாற்றுகிறது, அதனால் அந்தச் சட்டம் செயல்படுவதில் பாதகம் வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். ஜேக் எடுத்தது இரண்டாவது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பிரிட்டன் முழுவதற்கும் ஒன்று, ஸ்காட்லாந்தில் ஒரு முறையும் மற்ற இடங்களில் வேறு முறையும் இருந்தால் அது குழம்பும் என்றார்.

ஸ்காட்லாந்து அரசு எடின்பரோவில் உள்ள, ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனுக்குப் போனது. 2023 டிசம்பர் 8 அன்று நீதிபதி லேடி ஹால்டேன் ஆணை செல்லும் என்றார். அவர் முன் இருந்த கேள்வி மசோதா நல்லதா கெட்டதா என்பது இல்லை. சட்டம் கேட்கும் நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றனவா, அமைச்சரிடம் நியாயமான காரணம் இருந்ததா என்பது மட்டுமே. அந்த மாதமே மேல்முறையீடு இல்லை என்று ஸ்காட்லாந்து அரசு அறிவித்தது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: "நியாயமான காரணம்" என்ற வாசல் அகலமானது, அமைச்சர் அதில் சுலபமாக நுழைந்துவிடலாம். அந்தக் குறிப்பிட்ட மசோதாவில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, நாளைக்கு உங்களுக்குப் பிடித்த மசோதாவுக்கும் இதே வாசல்தான். அதனால் லண்டன் வசமுள்ள ஒரு பெரிய சட்டத்தை உங்கள் மசோதா உரசுகிறது என்றால், முதல் கட்டத்துக்கு முன்பே இரண்டு அரசுகளின் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி, லண்டன் பக்கத்திலும் தேவையான திருத்தங்களைச் செய்ய ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்கென்றே பிரிவு 104 இருக்கிறது. ஹோலிரூட் சட்டத்தின் விளைவாகப் பிற சட்டங்களில் செய்ய வேண்டிய மாற்றங்களை லண்டன் ஒரு ஆணை மூலம் செய்துகொடுக்கும். சண்டை இல்லாததால் இது செய்தியாவதில்லை, ஆனால் இந்த அமைப்பு ஓடுவதே இப்படிப்பட்ட வேலைகளால்தான்.

படி 8: எதிர்த்திசை, லண்டன் மசோதா எடின்பரோ துறைக்குள் வரும்போது

இதுவரை எடின்பரோ மசோதாவை லண்டன் நிறுத்துவதைப் பார்த்தோம். மறுபுறம், எடின்பரோ வசமுள்ள ஒரு விஷயத்தில் லண்டன் சட்டம் போட நினைத்தால்? 1998 ஜூலையில் லார்ட் ஸ்யூவல் என்ற அமைச்சர் பிரபுக்கள் அவையில் ஒரு உறுதி கொடுத்தார்: ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வழக்கமாக அப்படிச் செய்ய மாட்டோம் என்று. அதுதான் ஸ்யூவல் மரபு. 2016இல் அதைப் பிரிவு 28(8)ஆகச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

நடைமுறை இப்படி: லண்டனில் அத்தகைய மசோதா வந்ததும் ஸ்காட்லாந்து அமைச்சர் ஒரு ஒப்புதல் குறிப்பாணை தாக்கல் செய்வார். எந்தெந்தப் பகுதிக்கு ஒப்புதல் தேவை, கொடுக்கலாமா வேண்டாமா என்று அதில் இருக்கும். குழு அதைப் பரிசீலித்து அறிக்கை தரும். பிறகு முழு அவையில் தீர்மானம், வாக்கெடுப்பு. பெரும்பாலும் சத்தமில்லாமல் ஒப்புதல் கிடைத்துவிடும்.

ஒப்புதல் மறுத்தால்? 2018 மே 15 அன்று பிரெக்ஸிட் மசோதாவுக்கு 93க்கு 30 என்று மறுத்தார்கள். லண்டன் அதை நிறைவேற்றியது. 2020இல் உள்சந்தைச் சட்டத்துக்கும் மறுத்தார்கள், அதையும் நிறைவேற்றியது. நீதிமன்றம் போக முடியாதா என்றால், 2017 ஜனவரியிலேயே, பிரெக்ஸிட் பற்றிய மில்லர் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. 28(8) சட்டத்தில் எழுதியிருந்தாலும் அது ஒரு அரசியல் மரபு, அதைக் காவல் காப்பது நீதிபதிகளின் வேலை இல்லை என்றது.

இதில் நான் நடுநிலை வகிக்கப்போவதில்லை. "வழக்கமாக" என்ற ஒரு சொல்லை வைத்து வாக்குறுதி கொடுத்து, எது வழக்கம் எது விதிவிலக்கு என்று சொல்லும் உரிமையையும் வாக்குறுதி கொடுத்தவரே வைத்துக்கொண்டால், மறு தரப்பிடம் இருப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. பிரெக்ஸிட் வரை அது தெரியவில்லை, ஏனென்றால் இரு பக்கமும் நல்லெண்ணம் இருந்தது.

படி 9: உள்சந்தைச் சட்டம், முன்வாசலில் வராத தடை

2020 உள்சந்தைச் சட்டம் எடின்பரோவின் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்வதில்லை. பிரிட்டனின் ஒரு பகுதியில் சட்டப்படி விற்கக்கூடிய பொருளை மற்ற பகுதிகளிலும் விற்கலாம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதன் பலனைப் பாருங்கள்: ஸ்காட்லாந்து ஒரு பொருளைத் தடை செய்தாலும் இங்கிலாந்திலிருந்து வரும் அதே பொருளை அந்தத் தடை கட்டுப்படுத்தாது, லண்டன் விதிவிலக்கு கொடுத்தால் ஒழிய.

2022இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு அந்த விதிவிலக்கு கிடைத்தது. 2023இல் பாட்டில், கேன்களைத் திருப்பிக் கொடுத்து முன்பணம் பெறும் திட்டத்துக்கு விதிவிலக்கு பாதிதான் கிடைத்தது: கண்ணாடி பாட்டில்களைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். தயாரிப்பெல்லாம் நடந்துகொண்டிருந்த நேரம். ஜூன் மாதமே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் தயாரிப்பிலும் குறைகள் இருந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் பொருள் சம்பந்தப்பட்ட எந்த மசோதாவாக இருந்தாலும், "விதிவிலக்கு கேட்டாச்சா, எழுத்தில் வந்தாச்சா?" என்பதை முதல் நாளே கேளுங்கள்.

படி 10: அதிகாரமே இல்லை என்றால் கேட்டு வாங்குவது

பிரிவு 30இன்படி ஒரு ஆணை மூலம் 5ஆம் அட்டவணையையே மாற்றலாம். இரண்டு நாடாளுமன்றங்களும் சம்மதிக்க வேண்டும். 2012 அக்டோபர் 15 அன்று கையெழுத்தான எடின்பரோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த வழியில்தான் பொதுவாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் தற்காலிகமாகக் கைமாறியது. 2014 செப்டம்பர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது, 55.3 சதவீதம் பேர் பிரிவினை வேண்டாம் என்றார்கள். தோற்றவர்களும் முடிவைச் சட்டப்படி கேள்வி கேட்கவில்லை, வழி சுத்தமாக இருந்ததுதான் காரணம்.

2022இல் அப்படி ஒரு ஆணை மறுபடி கிடைக்காததால்தான் டொரதி பெயினின் கேள்வி உச்ச நீதிமன்றம் போனது. "இது வெறும் ஆலோசனை வாக்கெடுப்பு, சட்டப்படி எதையும் மாற்றாது" என்பது வாதம். 2022 நவம்பர் 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக மறுத்தார்கள். சட்ட விளைவு இல்லாவிட்டாலும் அதன் அரசியல் விளைவு பெரிது, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் சேர்ந்த ஒன்றியம் லண்டன் வசமுள்ள விஷயம், அதோடு இது தொடர்புடையது என்றார்கள். படி 2இல் சொன்ன அதே நோக்கம், விளைவு சோதனைதான்.

படி 11: சட்டமான பிறகும் பாதுகாப்பு இல்லை

வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது, ஹோலிரூட் சட்டத்தைச் செய்யலாம். அரசுதான் போக வேண்டும் என்றில்லை, பாதிக்கப்படும் நிறுவனமோ அமைப்போ போகலாம். மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் சட்டம் 2012இல் நிறைவேறியது. விஸ்கி தயாரிப்பாளர் சங்கம் வழக்குப் போட்டு, அது லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வந்து, 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அரசு ஜெயித்து, 2018 மே 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற 2014 சட்டத்தின் திட்டம் 2016இல் தோற்றது. குழந்தைகளின் தகவலைப் பகிரும் விதிகள் தனிவாழ்க்கைக்கான உரிமையை மீறின என்றார்கள், பிறகு அரசு திட்டத்தையே கைவிட்டது.

ஒரு ஆறுதல் உண்டு. சட்டம் முட்டாள்தனமானது என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்யக் கேட்க முடியாது. 2011இல் ஆக்ஸா காப்பீட்டு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது: மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் கொள்கை முடிவை, நிர்வாக அதிகாரியின் உத்தரவை எடைபோடுவதுபோல எடைபோட முடியாது.

படி 12: நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்ப்பது

1999இலிருந்து அரசுகள் பேசிக்கொள்ள ஒரு கூட்டு அமைச்சர் குழு இருந்தது. கூட்டவே மறந்துபோகும் குழு அது, கூடினாலும் தகராறு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வதில் லண்டனின் கை ஓங்கியிருந்தது. 2017இல் வட அயர்லாந்துக் கட்சி ஒன்றின் ஆதரவைப் பெற லண்டன் அந்தப் பகுதிக்கு 100 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கியபோது, ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இது நிதிப் பங்கீட்டு முறையை மீறுகிறது என்றன. லண்டன் இதைத் தகராறாகவே ஏற்கவில்லை.

2022 ஜனவரியில் புதிய ஏற்பாடு வந்தது. மூன்று அடுக்கு: துறை அமைச்சர்கள், அவர்களுக்கு மேல் ஒரு நிலைக்குழு, எல்லாவற்றுக்கும் மேல் பிரதமரும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து அரசுகளின் தலைவர்களும். எந்த ஒரு அரசுக்கும் சொந்தமில்லாத தனிச் செயலகம் உண்டு. தகராறு முதலில் அதிகாரிகள் மட்டத்தில் பேசப்படும், தீராவிட்டால் மேலே ஏறும், வெளியாள் ஒருவரின் ஆலோசனையையோ சமரசத்தையோ நாடலாம், அப்படி ஏறிய தகராறின் முடிவை அந்தந்த நாடாளுமன்றங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது, நிதித் தகராறில் கடைசிச் சொல் இன்னமும் பிரிட்டன் கருவூலத்திடம்தான். அதனால் ஹோலிரூட் குழுக்கள் இந்தக் கூட்டங்களின் தேதியையும் பொருளையும் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், கூட்டம் முடிந்த பிறகு வரும் இரண்டு பத்தி அறிக்கையை வைத்து ஒரு அரசைக் கேள்வி கேட்க முடியாது.